வலது பக்கம் ஏறும் விமானங்கள்

1

போன மாதம் எங்கள் ஊர்ப் பார்சல் ஒன்று இங்கே இங்கிலாந்துக்கு வந்து சேர்ந்தது. எங்கள் ஊர் என்றால் சிவகாசி. அங்கிருந்து எந்தப் பார்சல் எந்த நாட்டுக்குப் போனாலும் எல்லாரும் இரண்டடி தள்ளி நின்றுதான் பார்ப்பார்கள். உள்ளே இருப்பது ஊறுகாய் என்று சத்தியம் செய்தாலும் நம்ப மாட்டார்கள்.

இந்த முறை உள்ளே இருந்தது முந்நூறு காலண்டர். அனுப்பியவர் என் அக்காவின் கணவர் சுப்புராஜ் மச்சான். சிவகாசியில் சின்னதாக ஓர் ஆஃப்செட் அச்சகம் வைத்திருக்கிறார். பார்சல் படிவத்தில் 'உள்ளே இருக்கும் பொருள்' என்ற கட்டத்தில் மச்சான் தன் கைப்பட, கொட்டை எழுத்தில் ஆங்கிலத்தில் எழுதியிருந்தது இதுதான்: 'பாம்பர் விமானம், 300 எண்ணம்.' காலண்டர் என்ற சொல்லுக்குக் கட்டத்தில் இடம் போதவில்லையாம்.

சுங்கத் துறையிலிருந்து ஓர் அம்மாள் எனக்குப் போன் செய்தார். மிகவும் மரியாதையான குரல்.

"உங்கள் பெயருக்கு முந்நூறு குண்டுவீச்சு விமானங்கள் வந்திருக்கின்றன. அனுப்பிய ஊரின் பெயரையும் இணையத்தில் தேடிப் பார்த்தேன்" என்று சொல்லி நிறுத்தினார். அந்த நிறுத்தத்தில் எனக்கு வேர்த்துவிட்டது.

நான்கு படிவம் நிரப்பினேன். கடைசிப் படிவத்தில், 'இவை காகிதத்தில் அச்சடித்த விமானங்கள். பறக்காது, வெடிக்காது, ஆணியில் தொங்கும்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அதற்குள் பதினோரு நாள் போய்விட்டது. காலண்டர் தேவைப்பட்ட விழா ஞாயிற்றுக்கிழமை. பெட்டி என் கைக்கு வந்தது வியாழக்கிழமை.

அந்தப் பதினோரு நாளில் யாராவது ஒருவர் பெட்டியைத் திறந்து படங்களைச் சரியாகப் பார்த்திருந்தால் எனக்கு இத்தனை அவமானம் வந்திருக்காது. ஆனால் இந்த வருஷம் நடந்த நல்லதும் நடந்திருக்காது.

2

நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். சிவகாசிக்குப் பக்கத்தில் எம். புதுப்பட்டிக்காரன். பாலிடெக்னிக்கில் ஆட்டோமொபைல் படித்தேன். துபாயில் சில வருஷம் லாரி பிரித்தேன். இருபத்து நான்கு வருஷமாக இங்கிலாந்தின் நடுப்பகுதியில் ஒரு பஸ் டிப்போவில் மெக்கானிக். வாரத்தில் ஐந்து நாள் பஸ் எஞ்சின், ஆறாவது நாள் வீட்டு வேலை, ஏழாவது நாள் விமான எஞ்சின். என் மனைவி முதலில் சண்டை போட்டாள், பிறகு கெஞ்சினாள், இப்போது ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு டப்பாவில் எலுமிச்சைச் சாதத்தைக் கட்டி நீட்டிவிட்டுக் கதவைச் சாத்திக்கொள்கிறாள்.

நான் இப்போது இருக்கும் ஊருக்கு வெளியே, உலக யுத்தக் காலத்து ஓடுபாதை ஒன்றின் ஓரத்தில், ஒரு தகரக் கொட்டகை அருங்காட்சியகம் இருக்கிறது. அதை நடத்துகிறவர்கள் எல்லாரும் சம்பளமில்லாமல் வருகிற பெரியவர்கள். எனக்கு ஐம்பத்து நான்கு வயது. அங்கே நான்தான் சின்னப் பையன்.

அந்தக் கொட்டகையின் ராஜா ஒரு மெர்லின் எஞ்சின். ஸ்பிட்ஃபயர், ஹரிகேன், லாங்காஸ்டர் என்று அந்த யுத்தத்தில் பறந்த பாதி விமானங்களுக்கு இதுதான் இதயம். பன்னிரண்டு சிலிண்டர். எங்களிடம் இருப்பதற்கு விமானம் கிடையாது. வெறும் எஞ்சினை ஒரு டிரெய்லரில் பூட்டி, முன்னால் ப்ரொப்பெல்லர் மாட்டியிருக்கிறோம். துருப்பிடித்துக் கிடந்ததைப் பல வருஷம் பாடுபட்டு ஓட வைத்தார்கள். அது மறுபடி ஓடிய நாளை வருஷா வருஷம் கொண்டாடுவார்கள். ஊர்க்காரர்கள் நாற்காலி போட்டு உட்கார, எஞ்சினை ஐந்து நிமிஷம் ஓட்டிக் காட்டுவோம். இது பத்தாவது வருஷம்.

ஸ்டார்ட் செய்வதற்கு இரண்டு பட்டன். இரண்டையும் ஒன்றாக அமுக்க வேண்டும். யார் அமுக்குவது என்பதைக் கீத் முடிவு செய்வார். கீத்துக்கு எழுபத்தெட்டு வயது. எண்ணெய்க் கறை படிந்த ஓவராலுக்கு உள்ளே டை கட்டியிருப்பார். அவர் அறையில் விமானப் புத்தகங்கள் தரையிலிருந்து கூரை வரை இருக்கின்றன. எந்த விமானத்தில் எந்த ஆணி எந்தப் பக்கம் என்று அவரைக் கேட்கலாம். நான்கு வருஷமாக அவர் எனக்குக் கொடுத்த வேலை, எஞ்சினுக்கு அடியில் ஒழுகும் எண்ணெயைத் தட்டில் பிடிப்பது. ஜனவரியில் ஒரு நாள் டீ குடித்துக்கொண்டே, "இந்த வருஷம் பட்டனை நீ அமுக்கு" என்றார். சர்க்கரை வேண்டுமா என்று கேட்கிற குரல்.

நான் அன்றைக்கு வீட்டுக்கு மிதந்து வந்தேன். அக்காவுக்குப் போன் செய்து சொன்னேன். "பட்டன் அமுக்குறதுக்கா தம்பி இம்புட்டுக் குதிக்க?" என்று சிரித்துவிட்டு, மாரியம்மனுக்கு நேர்ந்தும் கொண்டாள்.

இன்னொருவரையும் சொல்ல வேண்டும். டோரீன் அம்மாள், எண்பத்தைந்து வயது. விழா தவறாமல் முன்வரிசையில் உட்காருவார். காதடைப்பான் கொடுத்தால் வாங்க மாட்டார். அவருடைய அப்பா பைலட் அல்ல, அந்த ஓடுபாதையில் எஞ்சின் ஃபிட்டராக இருந்தவர். என் ஜாதி, அதாவது ஸ்பானர் ஜாதி. டோரீனுக்கு நான்கு வயதில் போனவர் யுத்தத்திலிருந்து திரும்பவில்லை. அவர் ஸ்பிட்ஃபயர் ஒன்றின் பக்கத்தில் நிற்கும் படம் எங்கள் சுவரில் மாட்டியிருக்கிறது. உலகத்தில் அந்த அப்பாவுக்கு இருக்கும் ஒரே நல்ல படம் அது.

டோரீனிடம் அப்பாவைப் பற்றி ஒரே ஒரு ஞாபகம்தான் உண்டு. அதை வருஷா வருஷம் சொல்வார். அப்பா அவரை எப்போதும் இடது கையில்தான் தூக்குவாராம். அப்பாவின் புருவத்தில் ஒரு வெட்டுத் தழும்பு. தூக்கினால் அது டோரீனின் முகத்துக்கு நேரே வரும். அந்தப் பள்ளத்தில் விரலை வைத்துக்கொண்டே தூங்கிவிடுவாராம். ஆனால் படத்தில் தழும்பு வலது புருவத்தில் இருக்கிறது. இடது கையில் தூக்கினால் அது எப்படி எட்டும்? "நீ சின்னப் பிள்ளை, உனக்கு என்ன தெரியும், படத்தைப் பார்" என்று அவருடைய அம்மாவே சொல்லிவிட்டாராம். 

"என்னிடம் இருப்பது ஒன்றே ஒன்று. அதுவும் தப்பு" என்று டோரீன் சிரிப்பார். நாங்களும் மரியாதையாகத் தலையாட்டுவோம்.

3

புதுப்பட்டிக்காரனுக்கு விமானக் கிறுக்கு எங்கிருந்து வந்தது என்று எல்லாரும் கேட்கிறார்கள். வேஸ்ட் பேப்பரிலிருந்து வந்தது.

வெடிக்குக் காகிதக் குழாய் வேண்டும். அதைச் சுற்றுவதற்குப் பழைய காகிதம் பண்டல் பண்டலாக வரும். அதில் வெளிநாட்டுப் பழைய புத்தகங்களும் கலந்து வரும். என் அம்மா வீட்டில் உட்கார்ந்து குழாய் உருட்டுவாள். வழவழப்பான தாளில் பசை பிடிக்காது. அதை ஒதுக்கி என் பக்கம் தள்ளுவாள். அப்படித் தள்ளியதில் ஒரு நாள் விமானப் புத்தகம் ஒன்று கிடைத்தது. பதினேழாம் பக்கத்தில் ஆரம்பித்து அறுபத்தொன்றில் முடிந்துவிட்டது. நடுவில் இருந்த சாதாரணத் தாள்கள் ஏற்கெனவே குழாயாகிவிட்டன. ஒரு லாங்காஸ்டரின் மூக்கும் சிறகும் என்னிடம் இருந்தன. வால் புதுப்பட்டியில் யார் வீட்டு வெடிக்குள் போனதோ தெரியாது. அந்த வாலை நான் முழுசாகப் பார்த்தது இங்கிலாந்துக்கு வந்த பிறகுதான்.

மிச்சப் படிப்பு பட்டாசு லேபிளில். அச்சகத்தில் கழித்துப் போட்ட லேபிள் தாள்களை மச்சான் கொண்டுவந்து தருவார். அப்போது அவர் ஓர் அச்சகத்தில் மிஷின்மேன், அக்காவைப் பெண் கேட்டு வந்த புதுசு. லேபிளில் ராக்கெட், ஜெட், பழைய யுத்த விமானம் என்று விதவிதமாக இருக்கும். எல்லாம் இடது மூலையில் கிளம்பி வலது மூலைக்கு ஏறிக்கொண்டிருக்கும். எனக்கு விமானம் என்றால் அதுதான். வலது பக்கம் பார்த்து ஏற வேண்டும்.

ஒரு தீபாவளிக் காலையில் தெருவில் வெடித்துச் சிதறிய காகிதத்தில் ஒரு ப்ரொப்பெல்லர் படம் தெரிந்தது. குனிந்து எடுத்தேன். பக்கத்தில் வெடிக்காமல் கிடந்த ஒன்று அப்போதுதான் வெடித்தது. என் வலது காதுக்குக் கீழே ஒரு ரூபாய் அகலத்துக்கு இன்றும் தழும்பு இருக்கிறது. கையில் எடுத்த துண்டை மட்டும் விடவில்லை. இங்கே என் வீட்டில் யாரும் இந்தக் கதையைக் கேட்டதில்லை. நானும் சொன்னதில்லை.

சத்தத்தைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்தில் பகலில் பெரிய சத்தம் கேட்டால் பெண்கள் அடுப்பை அப்படியே விட்டுவிட்டு ரோட்டுக்கு ஓடுவார்கள். எந்தக் கம்பெனி, யார் யார் வேலைக்குப் போயிருக்கிறார்கள் என்று ஒரே கூச்சலாக இருக்கும். அம்மா ஓடியதைப் பார்த்திருக்கிறேன். மெர்லின் முதல் தடவை என் முன்னால் உறுமியபோது தரை அதிர்ந்தது, நெஞ்சு அதிர்ந்தது. ஆனால் யாரும் ஓடவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து கைதட்டினார்கள். எனக்கு அழுகை வந்துவிட்டது. புகை என்று சொல்லிச் சமாளித்தேன்.

4

என் மகள் கயலுக்கு இது எதுவும் பிடிக்காது. இருபத்தொரு வயது, வேறு ஊரில் சமூகப் பணி படிக்கிறாள். இங்கேயே பிறந்தவள். "ஆள் கொல்ற மெஷினுக்கு ஏன் அப்பா பாலிஷ் போடறீங்க?" என்று அவள் கேட்டது பதினைந்து வயதில். நான் எஞ்சினின் சூப்பர்சார்ஜரைப் பற்றி விளக்க ஆரம்பித்தேன். அன்றோடு கேட்பதை நிறுத்திவிட்டாள். அவள் தமிழும் வருஷத்துக்கு ஒரு சுற்று இளைக்கிறது. ஒரு நாள் வீடியோவில் மச்சானிடம், அங்கே மணி என்ன என்று கேட்க நினைத்து, "மாமா, உங்களுக்கு எத்தனை ஆச்சு?" என்றாள். "அறுவத்திரெண்டு முடிஞ்சுருச்சும்மா" என்றார் மச்சான். அவள் என்னைத் திரும்பிப் பார்த்த பார்வையில், என் பக்கத்துச் சொந்தங்கள் எல்லாருமே கொஞ்சம் மறை கழன்றவர்கள் என்ற முடிவு தெரிந்தது.

காலண்டர் யோசனை என்னுடையதுதான். பத்தாம் ஆண்டுக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று பெரியவர்கள் பேசிக்கொண்டிருந்தார்கள். நான் கையைத் தூக்கி, "காலண்டரா? உலகத்துக்கே அச்சடிக்கிற ஊர்க்காரன் நான்" என்றேன். அதில் கொஞ்சம் மிகை உண்டு, ஆனால் நெஞ்சை நிமிர்த்தியபோது பொய்யாகத் தெரியவில்லை. பன்னிரண்டு மாதத்துக்கு அருங்காட்சியகத்தின் பன்னிரண்டு பழைய படங்கள். நவம்பருக்கு டோரீனின் அப்பா. கீத் சம்மதித்தார். "ப்ரூஃபை நீ பார்ப்பாய் அல்லவா?" என்று மட்டும் கேட்டார். "நான் இருக்கிறேன்" என்றேன்.

ப்ரூஃப் வாட்ஸப்பில் வந்தது. தேதியைப் பார்த்தேன், விடுமுறையைப் பார்த்தேன், எழுத்துப் பிழையை மூன்று தடவை பார்த்தேன். படங்களை ரசித்தேன். என்ன அழகாக ஏறுகின்றன என்று நினைத்தது நன்றாக ஞாபகம் இருக்கிறது.

வியாழக்கிழமை அரைநாள் லீவு போட்டுப் பெட்டியைக் கொட்டகைக்குத் தூக்கிக்கொண்டு போனேன். முதல் காலண்டரின் நான்கு மூலையிலும் அக்கா மஞ்சள் தடவி அனுப்பியிருந்தாள். கீத் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, "இது என்ன கறை?" என்றார். நல்ல காரியத்துக்கு எங்கள் ஊர் வழக்கம் என்று விளக்கினேன். "நல்லது" என்றார். ஜனவரியைப் பார்த்தார். பிப்ரவரியைத் திருப்பினார். நெற்றி சுருங்கியது. மேஜையிலிருந்து சிவப்புப் பேனாவை எடுத்தார்.

"லாங்காஸ்டருக்கு ஆள் ஏறும் கதவு எந்தப் பக்கம்?"

"வலது பக்கம்" என்றேன் பெருமையாக.

காலண்டரில் வலது பக்கம்தான் தெரிந்தது. அங்கே கதவே இல்லை.

"பழைய ஸ்பிட்ஃபயரில் ரேடியேட்டர்ப் பெட்டி எந்தச் சிறகுக்கு அடியில்?"

அந்த மாடலில் வலது சிறகுக்கு அடியில் பெரிய பெட்டி, இடது சிறகுக்கு அடியில் சின்னதாக ஓர் ஆயில் கூலர். தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். காலண்டரில் பெட்டி இடது சிறகில் தொங்கிக்கொண்டிருந்தது. யாரோ படங்களைக் கண்ணாடியில் காட்டியதுபோல் இடவலம் மாற்றியிருந்தார்கள். கீத் ஒவ்வொரு பக்கமாகப் போனார். ஒன்பது பக்கத்தில் சிவப்புக் குறுக்குக் கோடு விழுந்தது. ஜனவரி, ஜூன், நவம்பர் மூன்றும் தப்பின.

அவர் கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன். பேனாவை மூடி வைத்தார். "ப்ரூஃபை நீ பார்த்தாய்" என்றார். பிறகு, "ஞாயிற்றுக்கிழமை பட்டனை நானே அமுக்கிக்கொள்கிறேன். நீ தட்டைப் பார்த்துக்கொள்" என்றார்.

இடது வலது தெரியாதவனிடம் எந்த மெக்கானிக்கும் எஞ்சினைக் கொடுக்க மாட்டான். நானாக இருந்தாலும் கொடுத்திருக்க மாட்டேன். அதுதான் வலித்தது.

5

கார் நிறுத்துமிடத்திலிருந்தே மச்சானுக்குப் போன் போட்டேன். அங்கே இருட்டி வெகுநேரம் ஆகவில்லை, மிஷின் சத்தம் கேட்டது.

"மச்சான், என்ன செஞ்சு வச்சிருக்கீக? படத்தையெல்லாம் திருப்பிட்டீகளே!"

"திருப்பாம? பன்னெண்டுல பத்துப் படம் இடது பக்கம் பாத்துக்கிட்டு நிக்குது. இடது பக்கம் பாத்தா எறங்குற மாதிரில மாப்ள இருக்கும்! எறங்குற விமானத்த எவன் வீட்டுச் சொவத்துல மாட்டுவான்? நாப்பது வருசமா இந்தத் தொழில்ல கெடக்கேன். லாரியோ ராக்கெட்டோ குதிரையோ, அம்புட்டும் வலது பக்கம் பாத்து மேல ஏறணும். லேபிள்ல நீ பாத்ததில்லையா?"

பார்த்திருக்கிறேன். அதனால்தானே ப்ரூஃபில் என் கண்ணுக்கு ஒன்றும் உறுத்தவில்லை.

"மேல எழுத்தெல்லாம் திரும்பிருக்குமே மச்சான்?"

"அதுக்குத்தான நம்ம டிசைனர் ரெண்டு நாளு உக்காந்து ஒவ்வொரு எழுத்தா நேராக்கி ஒட்டிருக்கான். ஒட்டுன எடம் ஒண்ணாச்சும் தெரியுதா, சொல்லு பாப்போம்."

தெரியவில்லை. அத்தனை சுத்தமான வேலை. தப்பு செய்தாலும் எங்கள் ஊர்க்காரர்கள் அரைகுறையாகச் செய்வதில்லை.

நான் எல்லாவற்றையும் சொன்னேன். கதவு, பெட்டி, சிவப்புப் பேனா, பட்டன். மறுமுனையில் மிஷின் நின்றது. நிறுத்தச் சொல்லிக் கையைக் காட்டியிருப்பார்.

"ஏலே மாப்ள, பட்டனையும் புடுங்கிட்டாகளா?" என்றார். "உங்க அக்கா நேந்துருக்காளே." பிறகு, "ப்ரூஃப் பாத்து நீதான கைதட்டுற பொம்மையெல்லாம் போட்ட" என்று முனகினார். கடைசியில், "தப்புன்னா தப்புதான். நான் வேற அடிச்சுத் தாரேன். இருக்க ஆர்டர ஒரு நா தள்ளிக்கிறேன். அந்தப் பெரியவர்ட்ட எம்பேரச் சொல்லி மன்னிப்புக் கேளு" என்றார்.

போனை வைத்த பிறகு ஒரு சின்னக் கணக்கு இடித்தது. மச்சான் பத்துப் படம் என்றார். கீத் கோடு போட்டது ஒன்பதில். ஒன்று கூடக் குறைய இருந்தால் இப்போது என்ன என்று விட்டுவிட்டேன்.

6

ஞாயிற்றுக்கிழமை காலை என் முகத்தைப் பார்த்துவிட்டு, வார இறுதிக்கு வீட்டுக்கு வந்திருந்த கயல் கார் சாவியை எடுத்துக்கொண்டாள். "நீங்க ஓட்ட வேணாம். நான் ட்ராப் பண்றேன்." விட்டுவிட்டுப் போய்விடுவாள் என்று நினைத்தேன். மழை தூறியதால் உள்ளே வந்து, கடைசி வரிசையில் போனை நோண்டிக்கொண்டு உட்கார்ந்தாள்.

நான் எண்ணெய்த் தட்டைத் துடைத்து அடியில் வைத்தேன். டோரீன் அம்மாள் ஊன்றுகோலோடு வந்தார். வந்ததும் காலண்டரைக் கேட்டார். அச்சில் பிழை, அடுத்த வாரம் தருகிறோம் என்றார் கீத்.

"எனக்கு எண்பத்தைந்து வயது. அடுத்த வாரத்தை நம்பி நான் எதையும் வைப்பதில்லை. என் அப்பா பக்கத்தையாவது காட்டுங்கள்."

"நவம்பர் சரியாகத்தான் இருக்கிறது, காட்டு" என்றார் கீத் என்னிடம். மஞ்சள் தடவிய அந்த முதல் காலண்டரைத்தான் எடுத்து வந்து விரித்துக் கொடுத்தேன்.

டோரீன் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். நான் அவருக்கு உடம்புக்கு ஏதோ ஆகிவிட்டது என்று பயந்து நாற்காலிக்குப் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தேன். அவருடைய ஆள்காட்டி விரல் படத்தில் இருந்தவரின் புருவத்தில் இருந்தது.

"இவர்தான்" என்றார். "தழும்பு என் பக்கம் இருக்கிறது."

எனக்கு மச்சானின் பத்து ஞாபகம் வந்தது. எழுந்து சுவரில் இருந்த மூலப் படத்திடம் ஓடினேன். அதில் ஸ்பிட்ஃபயரின் மூக்கு இடது பக்கம் பார்த்தது. காலண்டரில் வலது பக்கம் பார்த்தது. அப்படியென்றால் நவம்பரையும் மச்சான் திருப்பியிருக்கிறார். கீத்திடம் சொன்னேன்.

"திருப்பியிருந்தால் பெட்டி தப்பான சிறகில் இருக்க வேண்டும்" என்றார். "நான் பார்த்தேன். வலது சிறகில் இருக்கிறது. சரியாக இருக்கிறது."

"அப்படியானால் சுவரில் இருப்பது?"

கீத் அறைக்குள் போய் ஒரு தடித்த புத்தகத்தோடு வந்தார். ஸ்பிட்ஃபயரை அடியிலிருந்து வரைந்த பக்கத்தை விரித்து, சுவர்ப் படத்துக்குப் பக்கத்தில் பிடித்தார். சுவர்ப் படத்தில் பெட்டி இடது சிறகுக்கு அடியில் இருந்தது. அப்படி ஒரு ஸ்பிட்ஃபயரை யாரும் செய்ததே இல்லை. யுத்தக் காலத்தில் எவனோ ஒருவன், இருட்டறையில், அவசரத்தில், நெகட்டிவைப் புரட்டி வைத்துப் பிரிண்ட் போட்டிருக்கிறான். எங்கள் மச்சான் செய்த அதே காரியம். அந்தப் படத்தைச் சுவரில் மாட்டியவர் கீத். தினமும் அதைக் கடந்து போனவர்கள் நாங்கள் அத்தனை பேரும். காட்டிக்கொடுக்க அந்தப் படத்தில் ஓர் எழுத்தும் இல்லை. ஆளைத்தான் பார்த்தோம், சிறகைப் பார்க்கவில்லை.

கீத் டையைச் சரிசெய்துகொண்டு டோரீனிடம் போனார். எழுபத்தெட்டு வயது முழங்காலோடு அவர் மண்டியிட்டதை நான் அன்றுதான் பார்த்தேன்.

"டோரீன், உங்கள் ஞாபகம் சரி. எங்கள் படம்தான் தப்பு."

டோரீன் அழவில்லை. "அம்மாவிடம் சொல்ல முடியாமல் போய்விட்டதே" என்றார். பிறகு என்னைப் பார்த்து, "இதைத் திருப்பியது யார்?" என்று கேட்டார்.

"என் அக்கா வீட்டுக்காரர். விமானம் இறங்கக் கூடாது என்பது அவர் கொள்கை."

"அவருக்கு என் நன்றியைச் சொல்லுங்கள்" என்றார்.

கீத் எழுந்து நேரே எஞ்சினுக்குப் போனார். என்னைப் பார்க்காமல், "தட்டை வேறு யாராவது பிடியுங்கள். நீ இங்கே வா" என்றார்.

போனேன். பெட்ரோலை உள்ளே செலுத்தும் கைப்பம்பை ஐந்து தடவை அடித்தேன். இரண்டு பட்டனிலும் விரலை வைத்து அமுக்கினேன். ப்ரொப்பெல்லர் சோம்பலாக அரைச் சுற்றுச் சுற்றியது. ஓர் இருமல். நீலப் புகை. இன்னோர் இருமல். பிறகு பன்னிரண்டும் ஒன்றாகப் பிடித்துக்கொண்டு கத்தியது பாருங்கள், கொட்டகைத் தகரம் எல்லாம் சேர்ந்து பாடியது. நான் டோரீனைத் திரும்பிப் பார்த்தேன். காதைப் பொத்தவில்லை. கண்ணை மூடியிருந்தார். விரல் அந்தப் புருவத்திலேயே இருந்தது.

7

திரும்பும்போதும் கயல்தான் ஓட்டினாள். மச்சானுக்கு நடந்ததை எல்லாம் குரல் பதிவாக அனுப்பி, மறு அச்சில் ஒன்பது படத்தை நேராக்கச் சொன்னேன், நவம்பரை மட்டும் தொட வேண்டாம் என்றேன். உடனே பதில் வந்தது. காருக்குள் மச்சானின் குரல் நிறைந்தது. "நாந்தான் சொன்னேன்ல மாப்ள, வலது பக்கம்தான் ஏறணும்னு! அந்தம்மாவுக்குப் பத்துக் காலண்டரு எங்கணக்குல குடுத்துரு. உங்க அக்கா கோயிலுக்குக் கெளம்பிட்டா."

கயல் சிரித்தாள். அவளுக்கு எவ்வளவு புரிந்ததோ தெரியாது. கொட்டகையில் அவள் கடைசி வரிசையிலிருந்து எப்போது எழுந்து டோரீனுக்குப் பக்கத்தில் வந்து நின்றாள் என்றும் எனக்குத் தெரியாது.

இந்த ஊரில் ஓட்டுபவர் வலது பக்கம் உட்காருவார். இத்தனை வருஷமும் நான் ஓட்ட, அவள் என் இடது பக்கம் உட்கார்ந்து வந்தவள். அன்றைக்கு அவள் ஓட்ட, நான் அவளுக்கு இடது பக்கம் உட்கார்ந்திருந்தேன். சிக்னலில் வண்டி நின்றது. அவள் என் பக்கம் திரும்பினாள். பச்சை விழுந்தும் வண்டியை எடுக்கவில்லை, பின்னால் ஒருவர் ஹார்ன் அடித்தார்.

"அப்பா, இது என்ன?"

ஸ்டியரிங்கிலிருந்து ஒரு கையை எடுத்து, என் வலது காதுக்குக் கீழே விரலை வைத்திருந்தாள்.

"ஒரு தீபாவளி அன்னிக்கு" என்று ஆரம்பித்தேன். பேப்பர் பண்டல், பசை பிடிக்காத தாள், ப்ரொப்பெல்லர் துண்டு என்று சொல்லிக்கொண்டே வந்தேன். வீட்டு வாசலில் வண்டி நின்ற பிறகும் அவள் எஞ்சினை அணைக்கவில்லை.

"அப்புறம்?" என்றாள்.